அடுப்படியைப் பூட்டிவிடலாமா?

வாசகர் ஒருவர் கேட்டது: "அம்மாவுக்கு அல்சைமர் என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். போன வாரம் வெறும் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். நல்லவேளை, நான் வீட்டில் இருந்தேன். என் கருத்து இதுதான்: மறதி நோய் என்று தெரிந்த அன்றே அடுப்படியைப் பூட்டிவிட வேண்டும். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் காரணத்தோடு எழுதுங்கள். 'பாவம் அம்மா' என்கிற மாதிரிப் பதில்கள் வேண்டாம்."

6 மார்ச்

மாற்றுக் கருத்து இருக்கிறது. எங்கள் வீட்டில் நான் பூட்டியிருப்பது அடுப்புக்குப் போகிற வாயுவை மட்டும். அறை திறந்தே கிடக்கிறது.

எங்கள் வீட்டில் சமையல் அப்பாவின் துறை. அம்மா இருந்த காலத்திலும் அப்படித்தான். அப்பாவுக்கு அல்சைமர் என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோருக்கும் உங்களுக்கு வந்த யோசனைதான் வந்தது. கத்தியை எடு, லைட்டரை ஒளி, கதவைச் சாத்து. தூரத்தில் இருக்கும் அக்கா இதைப் போனிலேயே சொல்லி முடித்துவிட்டார். அக்கம்பக்கத்திலும் அதே பேச்சு.

சமைப்பதை ஒரே வேலையாக நினைப்பதால் வருகிற யோசனை இது. என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும், சாமான் தேட வேண்டும், எதற்குப் பிறகு எது என்று தெரிய வேண்டும், நேரம் பார்க்க வேண்டும், நறுக்க வேண்டும், கிளற வேண்டும், ருசி பார்க்க வேண்டும், கடைசியில் மறக்காமல் அணைக்க வேண்டும். அல்சைமர் இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் பறித்துக்கொள்வதில்லை. சற்றுமுன் நடந்தது மனதில் பதிவது முதலில் போகிறது. கூடவே திட்டமிடுவதும் வரிசைப்படுத்துவதும் தடுமாறுகின்றன. கை பழகிய வேலைகள் மூளையில் வேறு பாதையில் பதிந்தவை. தோல் சீவுவது, பிசைவது, கழுவுவது எல்லாம் நெடுங்காலம் நிற்கும். அதனால் "அம்மாவால் சமைக்க முடியுமா" என்று கேட்டால் உங்களுக்குப் பதில் கிடைக்காது. எந்த இடத்தில் அறுந்துபோகிறது என்று பாருங்கள்.

ஒரு முறை பக்கத்தில் நின்று, வாயை மூடிக்கொண்டு கவனியுங்கள். ஆபத்து வந்தால் மட்டும் கையை நீட்டுங்கள். வாயை மூடுவதுதான் கஷ்டம்.

அப்பா அழகாக நறுக்கினார். அடுப்பைப் பற்றவைத்தார், எண்ணெய் ஊற்றினார். ஏதோ எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினார். அவ்வளவுதான். எதற்குத் திரும்பினோம் என்பதும் போயிற்று, முதுகுக்குப் பின்னால் எண்ணெய் காய்வதும் போயிற்று. அலமாரியில் இருந்த டப்பாக்களை எல்லாம் இறக்கித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அவ்வளவு அக்கறையாக! அடுப்பை நான் அணைத்தேன்.

அன்றைக்குத் தெரிந்தது, அவருக்குச் சிக்கல் அந்தத் திரும்பலில் இருக்கிறது என்று. அதற்கப்புறம் தேவையான எல்லாம் அடுப்புக்கு முன்னால் ஒரு தட்டில் வந்து உட்கார்ந்த பிறகுதான் அடுப்பு எரியும். இதுவே ஒரு நல்ல காலத்துக்குப் போதுமானதாக இருந்தது.

8 மார்ச்

"நின்று பார்த்து என்ன புரியப்போகிறது" என்று கேட்டவருக்கு. இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்கள். அவர்களிடம் சமையலறையை வைத்தே சோதனைகள் இருக்கின்றன. கெட்டில் டெஸ்ட் என்று ஒன்று. இரண்டு சூடான பானம் தயாரிக்க வேண்டும், ஒன்று தனக்கு, ஒன்று சோதிப்பவருக்கு, இரண்டுக்கும் கலக்கும் சாமான் வேறு. கெட்டிலைக் காலியாக, பாகம் பாகமாகக் கழற்றி வைத்திருப்பார்கள். தேவையில்லாத சாமான்களும் பக்கத்தில் கிடக்கும். 1993-இல் வெளியான கிச்சன் டாஸ்க் அசெஸ்மென்ட் என்பதும் இந்த வகைதான். தானாக ஆரம்பிக்கிறாரா, வரிசை சரியா, ஆபத்து தெரிகிறதா, முடிந்துவிட்டது என்று தெரிகிறதா என்று ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு உதவி தேவைப்பட்டது என்பதைக் குறிப்பார்கள். சரியா தப்பா என்று மதிப்பெண் போடுவதைவிட இது எவ்வளவோ உபயோகம்.

வீட்டில் அதையே ஏழைபாழை முறையில் செய்யச் சொல்கிறேன், வேறொன்றும் இல்லை.

9 மார்ச்

கேள்வி கேட்ட நண்பர் திரும்ப வந்து, "நீங்கள் வீட்டிலேயே இருக்கிறீர்கள், உங்களுக்குச் சொல்வது சுலபம். நான் காலையில் போனால் மாலையில்தான் வருவேன்" என்று எழுதியிருக்கிறார். நியாயமான அடி.

உங்கள் அம்மா தனியாக இருக்கும் நேரத்தில் தீ கூடாது. இதில் எனக்கும் உங்களுக்கும் சண்டையே இல்லை. அடுப்புக்குப் போகும் குழாயில் ஒரு வால்வு போட்டு, கிளம்பும்போது மூடிவிட்டுப் போங்கள். சாவியோடு வருகிற வால்வும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தால் நல்லது. மின்அடுப்பாக இருந்தால் அதற்கென்று தனி பிரேக்கர் இருக்கும், அதை இறக்கிவிடலாம். அடுப்பின் குமிழ்களைக் கழற்றி எடுத்துப் போகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. குமிழ் இல்லாத அடுப்பைப் பார்த்தால் அவருக்குப் பதற்றம் வரும், குறடு தேடுவார்.

அப்புறம், பகலில் சாப்பிட வேண்டியது கண்ணுக்கு முன்னால் மேசையில் இருக்க வேண்டும். ஃபிளாஸ்க்கில் சூடான பானம். மூடி போட்ட டப்பாவில் இருந்தால் அது இல்லை என்று அர்த்தம்.

9 மார்ச், கொஞ்ச நேரம் கழித்து

வெறும் பாத்திரம் என்று எழுதியிருந்தீர்களே, அது நான்ஸ்டிக்கா? வெறுமனே சூடேறி 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்தப் பூச்சு சிதைய ஆரம்பிக்கும். அந்தப் புகை கூண்டுப் பறவைகளைக் கொன்றுவிடும், மனிதர்களுக்கும் காய்ச்சல் போல வரும். வீட்டில் நான்ஸ்டிக் இருந்தால் கனமான எஃகுப் பாத்திரத்துக்கு மாறுங்கள். கரிந்தால் கரியட்டும், தேய்த்துக்கொள்ளலாம்.

13 மார்ச்

"தீய்ந்த வாடை வந்தால் அவரே ஓடிவந்து அணைப்பார்" என்று ஒருவர். அதை நம்ப வேண்டாம். மோப்பசக்தி குறைவது அல்சைமரில் வெகு சீக்கிரமே ஆரம்பிக்கும். பார்க்கின்சனிலும் அப்படித்தான். மறதி வெளியே தெரிவதற்குச் சில வருடங்கள் முன்பே குறைந்திருக்கலாம். யாரும் கவனிக்க மாட்டார்கள், வாடை தெரியவில்லை என்று யார் புகார் சொல்வார்கள்?

சமையலறையில் இதனால் மூன்று இடத்தில் ஓட்டை. அடிப்பிடிப்பது தெரியாது. கெட்டுப்போன பால் தெரியாது. வாயுக் கசிவு தெரியாது. சமையல் வாயுவுக்கு இயல்பில் வாடையே கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டன் போன்ற நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். அந்தப் பாதுகாப்பு முழுக்க நம் மூக்கை நம்பியிருக்கிறது. மூக்கு போனால் அதுவும் போயிற்று.

அப்பாவுக்கு மூக்கு போனது எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், பக்கத்து அறையிலிருந்து நான் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வருகிறேன், அவர் புகைக்கு நடுவில் நின்று "என்னடா, பசிக்குதா?" என்கிறார்.

17 மார்ச்

மின்தூண்டல் அடுப்பு, அதாவது இண்டக்ஷன், வாங்கச் சொல்லிப் பலரும் எழுதியிருக்கிறீர்கள். கொள்கையளவில் நல்ல யோசனை. தீ கிடையாது, பாத்திரம் இல்லாவிட்டால் சூடாகாது, பெரும்பாலானவை குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் தாமாகவே அணைந்துவிடும்.

நாங்கள் வாங்கினோம். அப்பா தன் பழைய அலுமினியப் பாத்திரத்தை வைத்தார். அது காந்தம் ஒட்டாத உலோகம், சூடாகவில்லை. "இது செத்த அடுப்புடா" என்றார். சரியான பாத்திரத்தை வைத்துக் கொடுத்தேன். தொடுதிரைப் பொத்தானை விரலால் தேடினார், அது பீப் பீப் என்றது. ஒவ்வொரு பீப்புக்கும் யாரோ திட்டுகிற மாதிரி கையை இழுத்துக்கொண்டார். தீ கண்ணுக்குத் தெரியாததால் பாத்திரத்தின் அடியில் குனிந்து குனிந்து பார்த்தார். கடைசியில் "நீயே சமைச்சுக்கோ" என்று போய் உட்கார்ந்துவிட்டார்.

புதிய கருவியைக் கற்றுக்கொள்ளும் திறன் இந்த நோயில் முதலில் போகிறவற்றில் ஒன்று. நோய் வருவதற்கு முன்பே இண்டக்ஷன் பழகியவர்களுக்கு அது அருமையான சாதனம். பழகாதவருக்கு அதைக் கொடுத்தால் அவர் அதில் சமைக்க மாட்டார், சமையலையே விட்டுவிடுவார். பூட்டுவதற்கும் இதற்கும் வித்தியாசம் என்ன, பூட்டுக்குக் காசு குறைவு.

பழைய அடுப்பே திரும்பி வந்தது, வால்வோடு. (இதய பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இண்டக்ஷன் அடுப்பிலிருந்து 60 செ.மீ. தள்ளி நிற்கச் சொல்வார்கள். உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.)

18 மார்ச்

"இப்போது வரும் கேஸ் அடுப்பில் பாதுகாப்புக் கருவி இருக்கிறதே" என்றவருக்கு. அது தீ அணைந்தால் வாயுவை நிறுத்தும் கருவி. பர்னருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உலோக முனை இருக்கும், தீயின் சூட்டில் அது கொஞ்சம் மின்சாரம் உண்டாக்கி வால்வைத் திறந்து பிடித்திருக்கும். பால் பொங்கி தீ அணைந்தால் அந்தச் சூடு போய், வால்வு மூடிக்கொள்ளும். ரொம்ப நல்லது. ஆனால் தீ எரிந்துகொண்டே இருந்து, பாத்திரம் வற்றிக் கரிந்தால் அதற்கு ஒன்றும் தெரியாது. நம் பெற்றோர் அதிகம் செய்வது இரண்டாவதைத்தான். அதற்கு நேரம் வைத்து அணைக்கும் வால்வு தனியாக வேண்டும்.

19 மார்ச்

எலெக்ட்ரிக் கெட்டில் பற்றி ஒரு எச்சரிக்கை. தானாக அணைந்துவிடும், பாதுகாப்பு, சரி. எங்கள் வீட்டில் அப்பா அதைத் தூக்கி, எரிந்துகொண்டிருந்த கேஸ் அடுப்பின்மேல் வைத்துவிட்டார். தண்ணீர் சுடவைக்க வேண்டும் என்றால் பாத்திரத்தைத் தீயில் வைக்க வேண்டும், இது அவர் கைக்குத் தெரிந்த உண்மை. அடியில் இருந்த பிளாஸ்டிக் சொட்டுச் சொட்டாக பர்னருக்குள் இறங்கியது. விசாரித்துப் பார்த்தால் மறதி நோயாளிகளின் வீடுகளில் இது ரொம்பச் சாதாரணமாக நடப்பதாம்.

ஒரே அறையில் கேஸ் அடுப்பும் எலெக்ட்ரிக் கெட்டிலும் இரண்டும் வேண்டாம். ஏதாவது ஒன்று.

25 மார்ச்

அப்பாவின் காணாமல்போன மூக்குக்கண்ணாடி கிடைத்துவிட்டது. குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டில், கீரைக்கு அடியில். வாடாமல் இருக்கிறது.

31 மார்ச்

குளிர்சாதனப் பெட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் நெருப்புக்கு அடுத்த ஆபத்து அதற்குள்தான். எல்லோரும் அடுப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அப்பா ஒரு பால் பாக்கெட்டை வெட்டுவார், கொஞ்சம் எடுப்பார், உள்ளே வைப்பார். அப்புறம் இன்னொன்று. அது பின்னால் போய்விடும், முன்னால் புதுசு வரும். மீந்ததை மேசையிலேயே மூடி வைத்துவிட்டு மறுநாள் காலையில் ஒரு கொதி விட்டால் போதும் என்பது அவருடைய பழைய நம்பிக்கை. பல வீடுகளில் இருக்கிற நம்பிக்கைதான். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும், சமைத்ததை வெளியே இரண்டு மணிநேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. சோற்றில் வளரும் பேசில்லஸ் செரியஸ் விடுகிற நச்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் அழியாது. லிஸ்டீரியா என்கிற கிருமி குளிர்பெட்டிக்குள்ளேயே மெதுவாக வளரும், முதியவர்களுக்கு அது சாதாரணக் காய்ச்சலோடு நிற்காது.

இதை எல்லாம் அவருக்கு விளக்கிப் பயனில்லை. நான் செய்வது: பெட்டியில் கொஞ்சமாக வைக்கிறேன். நிரம்பிய பெட்டியில் அவரால் எதையும் தேட முடிவதில்லை, பாதி காலியாக இருந்தால் கண்ணில் படுகிறது. ஒளிபுகும் டப்பாக்கள். பழையதை அவர் பார்க்காத நேரத்தில் எடுத்துப் போட்டுவிடுவது. பார்த்தால் திரும்ப எடுத்து வைத்துவிடுவார், வீணாக்குவதா என்று கேட்பார். குப்பைத்தொட்டியிலிருந்தும் எடுப்பார். அதனால் குப்பை உடனே வெளியே போகிறது.

சுத்தம் செய்யும் திரவங்களும் இங்கே வரும். மஞ்சளும் பச்சையுமாக, பழத்தின் படம் போட்ட புட்டிகள். படத்தைப் பார்த்துக் குடித்துவிட்ட முதியவர்கள் உண்டு. எல்லாவற்றையும் சமையலறையை விட்டே வெளியேற்றி, அவற்றுக்கு மட்டும் பூட்டு. ஆக, பூட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பாருங்கள்.

5 ஏப்ரல்

உப்பு. இரண்டு தடவை விழும், மூன்று தடவையும் விழும். போட்டது நினைவில்லை, வாய்க்கும் ருசி மங்கிவிட்டது, ஆகவே ருசி பார்த்துத் திருத்துவதும் நடக்காது. ரத்த அழுத்தம் இருப்பவருக்கு இது வெறும் ருசிப் பிரச்சினை இல்லை. உப்பு ஜாடியை எடுத்துவிட்டு, அந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் ஒரு சின்னக் கிண்ணத்தில் வைக்கிறேன். கிண்ணம் காலியானால் போட்டாயிற்று. அவருக்கும் அது புரிகிறது. காலிக் கிண்ணத்தைக் காட்டி "போட்டாச்சுடா" என்று எனக்கே சொல்கிறார்.

மருந்துகள் சமையலறையில் இருக்கவே கூடாது. உப்பு போலவே அவையும் இரண்டு தடவை விழும்.

7 ஏப்ரல்

சீட்டு ஒட்டுவதைப் பற்றி. "அடுப்பை அணை" என்று எழுதி ஒட்டினால் போதாதா என்று இன்னொருவர். ஆரம்பத்தில் உதவும். வாசிக்கும் பழக்கம் ரொம்ப நாள் நிற்பதால் அப்பா இப்போதும் சத்தமாக வாசிப்பார். வாசிப்பார், அவ்வளவுதான். செய்வது வேறு துறை.

பயன்பட்ட சீட்டுகள், ஒரு பொருளின் மேல் அதன் பெயரும் படமும் இருந்தவை. அதைவிடப் பயன்பட்டது அலமாரிக் கதவைக் கழற்றியது. எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன என்று நினைவு வைத்துக்கொள்ள வேண்டிய அவசியமே போய்விட்டது. சீட்டுகள் கூடினால் சுவர் முழுக்க எழுத்தாகி, அவர் எதையும் பார்க்க மாட்டார். நம் அலுவலக அறிவிப்புப் பலகையை நாம் பார்க்கிறோமா?

12 ஏப்ரல்

"அம்மா, உங்களுக்கு மறதி, நீங்கள் சமைக்க வேண்டாம்" என்று சொன்னதற்கு அம்மா கத்தித் தீர்த்துவிட்டாராம். கேள்வி கேட்ட நண்பர்தான். "உண்மையைத்தானே சொன்னேன்" என்கிறார்.

அவருக்கு அது உண்மை இல்லை. தனக்கு நோய் இருப்பதே நோயாளிக்குத் தெரியாமல் போகும் நிலை ஒன்று இருக்கிறது, அனோசக்னோசியா என்று பெயர். 1914-இல் பாபின்ஸ்கி என்ற பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் வைத்த பெயர். அவர் பார்த்தது பக்கவாத நோயாளிகளை. கை விழுந்துவிட்டது, ஆனால் விழவில்லை என்கிறார்கள். மறதி நோயிலும் இது வரும். பிடிவாதமோ வீம்போ இல்லை. தன்னைத்தானே கவனிக்கும் பகுதியும் சேர்ந்து அடிபட்டிருக்கிறது. கரிந்த பாத்திரத்தைக் காட்டி நிரூபிக்கப் பார்த்தால், "நீதான் வச்சிருப்பே" என்று பதில் வரும். எனக்கு வந்திருக்கிறது. கொஞ்சம் யோசித்துவிட்டேன், நான்தான் வைத்தேனோ என்று.

வாதத்தில் ஜெயிக்க முயல வேண்டாம். "அப்பா, இது எனக்குச் சரியா வரல, கொஞ்சம் சீவித் தாங்களேன்" என்றால், "தள்ளுடா, உனக்கு என்ன தெரியும்" என்று கத்தியை வாங்கிக்கொள்வார். பாதி நேரம் எனக்கு உண்மையிலேயே சரியாக வருவதில்லை. அடுப்பு ஏன் எரியவில்லை என்று கேட்டால் "ஆள் வரச் சொல்லியிருக்கேன் அப்பா" என்பேன். இது பொய்தானே என்று கேட்பீர்கள். பொய்தான். இந்தப் பொய்யில் எனக்குத் தூக்கம் கெடுவதில்லை.

கத்தி பற்றி: மழுங்கிய கத்தி பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள், அழுத்தினால் வழுக்கும். சின்னதாக, கூராக, ஒன்றே ஒன்று. அல்லது தோல்சீவி மட்டும்.

13 ஏப்ரல்

ஏதாவது வேலை கொடுங்கள் என்றால் என்ன வேலை என்று கேட்டிருக்கிறார்கள். கழுவுவது, உரிப்பது, சீவுவது, கிளறுவது, தட்டு வைப்பது, துடைப்பது. ஒரு நேரத்தில் ஒன்று. முடிவு கண்ணுக்குத் தெரிகிற வேலையாக இருக்க வேண்டும். குவியல் தீர்ந்தால் வேலை தீர்ந்தது. அளக்கிற, எண்ணுகிற வேலை வேண்டாம். சரியாகச் செய்ய வேண்டும் என்கிற கட்டாயமும் வேண்டாம். அப்பா சீவுகிற காயில் கால்வாசி தோலோடுதான் வரும், தோலில் சத்து இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டுவிடுகிறோம்.

20 ஏப்ரல்

சாப்பிடுவதைப் பற்றி. சமைக்கிறவர் சாப்பிடுகிறார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. "சாப்பிட்டாச்சு" என்பார், தட்டு அப்படியே இருக்கும். எடையைப் பார்த்துக்கொண்டே இருங்கள், அதை ஏமாற்ற முடியாது. அல்சைமருக்குக் கொடுக்கும் டோனெபெசில் போன்ற மாத்திரைகளே சிலருக்குக் குமட்டலும் பசியின்மையும் கொடுக்கும், மெலிந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தட்டின் நிறமும் முக்கியம். வெள்ளைத் தட்டில் வெளுத்த உணவு அவர்கள் கண்ணுக்குத் தனியாகத் தெரிவதில்லை. 2004-இல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முற்றிய அல்சைமர் நோயாளிகளுக்கு வெள்ளைப் பாத்திரத்துக்குப் பதில் அடர்சிவப்புப் பாத்திரம் கொடுத்துப் பார்த்தார்கள். உணவு 25 சதவீதமும் நீராகாரம் 84 சதவீதமும் கூடியது. சிறிய ஆய்வுதான். அடர்நீலமும் வேலை செய்தது, வெளிர்நிறங்கள் உதவவில்லை. ஒரு சிவப்பு டம்ளர் வாங்கிப் பார்ப்பதில் என்ன நஷ்டம்? பூப்போட்ட தட்டு மட்டும் வேண்டாம். அப்பா பூவைக் கிள்ளி எடுக்கப் பார்ப்பார்.

4 மே

கொஞ்ச நாளாக எழுதவில்லை. அப்பா இரண்டொரு நாளுக்குள் அப்படியே மாறிவிட்டார். தோல்சீவியைக் கையில் கொடுத்தால் இது என்ன என்று பார்த்தார். நடுராத்திரி அடுப்படியில் நின்று, விருந்தாளி வருகிறார்கள் என்று ஒரே பதற்றம். வால்வு மூடியிருந்தது, அதுவரை நல்லது. அக்கா போனில் "நோய் முத்திப்போச்சு, இனி அவ்வளவுதான்" என்றார்.

சிறுநீர்த் தொற்று. அதோடு தண்ணீர் போதவில்லை. மருந்து கொடுத்துத் தண்ணீர் உள்ளே போனதும் பெரும்பாலும் திரும்பி வந்துவிட்டார்.

மறதி நோய் படிப்படியாக, மாதக்கணக்கில் சரியும். மணிக்கணக்கில், ஒன்றிரண்டு நாளில் விழுந்தால் வேறு ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். தொற்று, நீர்வற்றல், மலச்சிக்கல், புது மருந்து, இவற்றில் ஏதாவது. அதை டெலிரியம் என்பார்கள், அவசரமாகப் பார்க்க வேண்டியது. வயதானால் தாக உணர்வும் குறையும், கேட்க மாட்டார்கள். அடுப்படியில் நிற்கும் விதம் திடீரென்று மாறினால் அதை வைத்துப் பூட்டலாமா என்று முடிவெடுக்காதீர்கள், முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

11 மே

முன்பு எழுதியதெல்லாம் அல்சைமரை மனதில் வைத்து. வேறு வகைகளுக்கு அப்படியே பொருந்தாது. மூளையின் முன்பகுதியைத் தாக்கும் எஃப்டிடி (ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியா) வகையில் நினைவு ஓரளவு இருக்கும், கட்டுப்பாடு போய்விடும். இனிப்பின் மேல் வெறி, அளவில்லாமல் தின்பது, முற்றினால் உணவல்லாததையும் வாயில் போடுவது. அங்கே கண்ணில் படுகிற மாதிரி உணவை வையுங்கள் என்கிற என் யோசனை நேர்த் தலைகீழ், ஒளித்துத்தான் வைக்க வேண்டும். லூயி பாடி வகையில் காலையில் தெளிவாக இருப்பார், மாலையில் இல்லாத ஆளைப் பார்ப்பார், கையும் காலும் விறைக்கும். கொதிக்கிற பாத்திரத்தை அவர் தூக்கக்கூடாது.

உங்கள் அம்மாவுக்கு எது என்று பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். "மறதி" என்று மட்டும் சொன்னால் யாருடைய யோசனையும் பாதிதான் பொருந்தும், என்னுடையதும்.

27 மே

நண்பர் நேராகவே கேட்டுவிட்டார்: "அப்படியானால் பூட்டவே வேண்டிய கட்டம் வராதா?"

வரும். பசி, சூடு, கூர், நச்சு என்கிற வேறுபாடே போய், கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் வைக்கிற கட்டம் வந்தால், அல்லது இரவில் யாரும் விழித்திருக்க முடியாத வீட்டில் அவர் விழித்திருந்தால், பூட்டுங்கள். உங்கள் தூக்கமும் ஒரு கணக்குதான். நீங்கள் விழுந்தால் அம்மாவுக்கு யார்? ஆனால் அவர் உள்ளே தனியாக மாட்டிக்கொள்கிற மாதிரியோ, தீப்பிடித்தால் வெளியேற முடியாத மாதிரியோ பூட்டு இருக்கக் கூடாது. கதவுக்கு முன் ஒரு திரை தொங்கவிட்டாலே சிலருக்குப் போதும், அது கதவு என்று தோன்றாது.

அப்பா இப்போது அடுப்பைப் பற்றவைப்பதில்லை. கேட்பதும் குறைந்துவிட்டது. நான் சமைக்கும்போது மேசையில் உட்கார்ந்து உரித்துக்கொண்டே குறை சொல்வார். குறை பெரும்பாலும் சரியாக இருக்கிறது, அதுதான் எரிச்சல்.

வெந்நீர்க் குழாய் இருக்கிற வீடானால் கொதிகலனை 49 டிகிரிக்குக் குறைத்து வைக்கவும். 60 டிகிரித் தண்ணீர் ஐந்து விநாடியில் ஆழமான புண்ணாக்கிவிடும், அவர்கள் கையை எடுக்க அதைவிட அதிக நேரம் ஆகலாம்.

2 ஜூன்

எரிவாயுக் கசிவு அலாரம் எங்கே மாட்டுவது என்று கேட்டவருக்கு. சிலிண்டரில் வரும் எல்பிஜி காற்றைவிடக் கனம், கீழே தங்கும், அதனால் தரைக்குப் பக்கத்தில். குழாயில் வரும் இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன், லேசானது, அதற்குக் கூரைக்குப் பக்கத்தில். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேறு கருவி, ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது. சமையலறைக்குள் புகை அலாரம் வைத்தால் தாளிக்கும்போதெல்லாம் கத்தி, ஒருநாள் யாராவது பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள். அங்கே வெப்ப அலாரம் வையுங்கள், புகை அலாரம் வெளியே இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் காலாவதித் தேதி உண்டு, பின்பக்கம் அச்சிட்டிருக்கும். எங்களுடையது ஏணி போட்டு ஏறிப் பார்த்தபோது எப்போதோ முடிந்திருந்தது. புதுசு சொல்லியிருக்கிறேன்.